வெள்ளைக்காரன் கணவாய்

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது, தோணியின் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே, இன்னும் நிறம் பிடிக்காத தண்ணீரில், இரண்டு கால்களையும் விரித்தும் கூட்டியும் நீந்திக்கொண்டிருந்த ஒரு வெள்ளை வால். அது மீன் அல்ல. சுண்டுவிரல் நீளமான ஒரு துண்டை அப்பா தூண்டிலில் குத்தி, சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகப் பக்கத்தில் விட்டுப் பிடித்திருந்தார். அந்தத் துண்டை எடுத்த போத்தல் மூடாமல் கிடந்ததால், உப்பும் வினாகிரியும் மருந்துக்கடையும் கலந்தது போன்ற ஒரு மணம் தோணிக்குள் நின்றது. இன்றைக்கும் எங்காவது அந்த மணம் பட்டால், தம்பலகாமத்துக் குடாவின் கண்டல் மரங்களும், இரண்டு ஆண்களின் முதுகுகளும், என் கையிலிருந்த தண்ணீர் இறைக்கும் தகரமும் ஒன்றாக நினைவுக்கு வருகின்றன.

எனக்கு அப்போது எட்டு வயது. வெள்ளையர் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போன அடுத்த வருடம். கப்பலில் ஏற்றாமல் அவர்கள் விட்டுச்சென்ற கதிரைகளும் அலுமாரிகளும் சீனப் பீங்கான்களும் மாதக் கணக்காக ஏலத்தில் போய்க்கொண்டிருந்தன. எங்கள் அப்பா டொக்யாட்டில் தச்சு வேலை. சீவுளிகளுக்கும் உளிகளுக்கும் ஆசைப்பட்டு அவர் எடுத்த ஒரு மரப்பெட்டியின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றிய தகரப் பேணி ஒன்றும், கறுப்புக் கிறீஸ் அப்பிய போத்தல் ஒன்றும் இருந்தன. பேணிக்குள் ஏழெட்டுத் தூண்டில்கள். நாங்கள் அதுவரை கண்டிராத வகை. ஒரு சட்டைப்பின்னை விரித்துப் பிடித்தது போன்ற கம்பி. அதன் மேல் கையில் வேப்பிலையளவு வெள்ளித் தகடு, இழுத்தால் சுழலும். கீழ்க் கையில் ஈயத் தலையும், ஊசியும், ஊசியை மறைக்கும் இறப்பர் நூல் குஞ்சமும். எங்கள் வீட்டில் அதற்கு "மினுக்கி" என்று பெயர் வந்தது. யார் வைத்தது என்று தெரியாது.

போத்தலுக்குள் இருந்தவை வெள்ளை வெளேரென்ற நாடாக்கள், ஒரு முனை ஒற்றையாகவும் மறுமுனை இரண்டாகப் பிளந்தும், உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டு. அப்பா ஒன்றை எடுத்து நசித்துப் பார்த்தார். வழுவழுப்பு, உப்பு, இழுத்தால் அறாத உறுதி. "கணவாய்" என்றார். வேறு என்னவாக இருக்கமுடியும்? எங்கள் ஊரில் தூண்டிலில் குத்துகிற வெள்ளைச் சாமான் அது ஒன்றுதான்.

பாலையூற்றிலிருந்து சைக்கிள் பாரில் என்னை இருத்திக்கொண்டு அப்பா இருட்டோடு புறப்படுவார். தம்பி கைக்குழந்தை, அம்மாவுக்குச் சனிக்கிழமையிலாவது ஒரு பிள்ளை குறைந்தால் போதும். சீனக்குடாப் பக்கத்துக் கரையில் நாங்கள் நிற்க, எதிர்க்கரைக் கிண்ணியாவிலிருந்து உசனார் காக்கா தோணியை வலித்துக்கொண்டு வருவார். கிழமை நாட்களில் விறகும் கிடுகும் ஏற்றுகிற தோணி அது. அதன் அடிப்பலகை உக்கியபோது அப்பா மாற்றிக்கொடுத்ததில் தொடங்கிய பழக்கம். வெள்ளிக்கிழமை அவருக்குத் தொழுகை, ஞாயிறு எங்களுக்கு மாதா கோயில் பூசை, ஆகவே சனி. நாங்கள் அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்போம், அவர் அப்பாவைத் தச்சர் என்ற பொருளில் "ஓடாவியார்" என்பார். என்னை "புள்ள" என்பார். நான் என்ன பேசினாலும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லுவார், அந்த வயதில் எனக்கு அப்படி வாய்த்த பெரியவர்கள் குறைவு.

நாங்கள் தேடியது கொடுவா மீன். கண்டல் வேர்களுக்கிடையில் அசையாமல் நின்று, முன்னால் போவதைப் பாய்ந்து பிடிக்கிற மீன். மினுக்கியை வேரோரமாக எறிந்து இழுத்தால் வெள்ளித் தகடு சுழலும், கொடுவா வரும், ஆனால் தகட்டுக்கு வந்தது வாலைக் கடித்துவிட்டுப் போய்விடும். தங்கூசி நூலில் ஒரு இடி தெரியும், அவ்வளவுதான். முதல் இரண்டு சனியும் இதேதான் நடந்தது.

"ஓடாவியார்ட மீன் வாலத்தான் ருசி பாக்குது. தலைக்கு வாறதுக்கு வெக்கம் போல" என்றார் காக்கா.

"நீங்க தோணியை ஆட்டாமல் வலியுங்கோ, வெக்கம் தானாப் போகும்" என்றார் அப்பா.

பின்தூண்டில் காக்காவின் யோசனை. முதல் ஊசியின் வளைவில் இன்னொரு ஊசியின் காதைக் கோத்து, அது கழன்று விழாமலிருக்கச் சைக்கிள் வால்வுக் குழாயில் அரை விரற்கடை வெட்டிச் சொருகிவிடுவார். இரண்டாவது ஊசியின் கூர், முதலாவதைப் போலவே மேல்நோக்கி நிற்கவேண்டும், இல்லாவிட்டால் வேரில் மாட்டும். வாலின் நடுவில் அந்த ஊசி மறைந்து கிடக்கும். வாலை மட்டும் கடிக்க வந்தவனுக்கும் ஊசி உண்டு. இத்தனையும் ஆடுகிற தோணியில், ஈரக் கையால் செய்யவேண்டிய வேலை. இரண்டு கையும் ஊசியிலும் குழாயிலும் இருக்கும்போது வெள்ளை வாலின் நுனியை எங்கே வைப்பது? காக்கா அதைப் பல்லிடுக்கில் கவ்விக்கொள்வார். கவ்வியபடியே என்னோடு கதைப்பார், சொற்கள் பாதிதான் வரும், நான் சிரிப்பேன்.

மூன்றாம் சனி கிடைத்த கொடுவா என் இடுப்புயரம் இருந்தது. பின்தூண்டிலில்தான் கொழுவியிருந்தது. அதன் பிறகு ஆறேழு சனி வெறுங்கையோடு திரும்பவில்லை. கிண்ணியாவிலும் பாலையூற்றிலும் அந்த மாதங்களில் இரண்டு குசினிகளில் ஒரே மீன் கொதித்தது.

போத்தல் முடிந்ததும் எனக்கு வேண்டும் என்று கேட்டிருந்தேன். சிப்பி போட்டுவைக்க. முடியும்வரை பொறுமை இல்லாமல், ஒரு புதன்கிழமை பின்னேரம் மண்ணெண்ணெய்த் துணியால் கிறீசைத் துடைத்தேன். கறுப்புப் போகப் போக, கடதாசி ஒட்டி இருப்பது தெரிந்தது. கடதாசியில் சிவப்பு எழுத்து. கன்னியர்மடத்துப் பள்ளியில் இங்கிலிஸ் எழுத்துக்கூட்டப் படித்திருந்தேன். முதற்சொல் போர்க். அது தெரியும், நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் வீட்டில் வாங்குகிற பன்றி இறைச்சி. இரண்டாவது சொல் தெரியவில்லை. மறுநாள் சிஸ்டரிடம் கேட்டேன். "தோல்" என்றார்.

வியாழன் மாலை, வேலையால் வந்து சைக்கிளைச் சாத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன். கெட்டிக்காரி என்று மெச்சுவார் என நினைத்தேன். அவர் போத்தலை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, என்னைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். பிறகு வாசற்படியில் இருந்துவிட்டார். காக்கா அந்த வாலைக் கவ்வும் விதம் அப்போதுதான் எனக்கும் நினைவுக்கு வந்தது.

அம்மா குசினியிலிருந்து வந்து கதையைக் கேட்டா. "தெரியாமல் நடந்தது. தாட்டுப்போட்டுப் பேசாமல் இருங்கோ. சொல்லி அந்த மனிசனை ஏன் நோகப் பண்ணுவான்?"

அப்பா வேலியோரம் கிடங்கு கிண்டிப் போத்தலைத் தாட்டார். என்னைப் பார்த்து, "காக்காட்டைச் சொல்லாதை பிள்ளை, நான் சொல்லுறன்" என்றார்.

அந்தச் சனி அவர் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் கணவாய் எங்கே என்று காக்கா கேட்டதற்கு, முடிந்துபோனது என்றார். வெறும் மினுக்கியை எறிந்தோம், மீன் வரவில்லை. நான் தகரத்தால் தண்ணீர் இறைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கு உசனார் காக்கா தானே உண்மையான கணவாய் கொண்டுவந்திருந்தார். வாழையிலையில் சுற்றி, நாடா நாடாக வெட்டி, முனையை அதே மாதிரி இரண்டாகப் பிளந்து. ஆனால் பச்சைக் கணவாய் மெது. பேத்தை மீன்கள் கூடிக் கடித்து, எட்டு மணிக்குள் இலையைக் காலியாக்கிவிட்டன. "அவன்ட கணவாய் வயிரம் ஓடாவியார், நம்மட கடல்ல அப்பிடி இல்ல" என்று சொல்லிக்கொண்டே காக்கா பேணியைக் கிளறினார். மூலையில் ஒரு மினுக்கியின் குஞ்சத்துக்குள், உப்புப் பூத்துச் சுருண்டு, ஒரு பழைய வால் ஒளிந்திருந்தது.

"இந்தா, ஒண்டு கிடக்கு!" அவ்வளவு சந்தோஷம் அவர் குரலில். தண்ணீரில் தோய்த்து நிமிர்த்தினார். வால்வுக் குழாயை ஒரு கையில் எடுத்தார், பின்தூண்டிலை மறுகையில் எடுத்தார், வாலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"காக்கா, வாயிலை வையாதேங்கோ!"

அப்பா அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"ஏன்?"

"அது கணவாய் இல்லை."

"என்ன அப்ப?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "பண்டித் தோல்."

காக்காவின் விரல்கள் விரிந்தன. வால் தண்ணீரில் விழுந்து, இரண்டு கால்களையும் அடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் இறங்கி, மறைந்தது. அவர் குனிந்து கடல் தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்தார், பல தரம். பிறகு கேட்டது ஒரே கேள்வி.

"எப்பத் தெரியும்?"

"போன வியாழனுக்கு முந்தின வியாழன்" என்றார் அப்பா.

காக்கா விரல்களில் எண்ணினார். "ஒம்பது நாள்" என்றார். "தெரியாமச் செஞ்சத்துக்குக் குத்தமில்ல. அல்லா மன்னிப்பான். தெரிஞ்ச பொறகு ஒம்பது நாள், ஓடாவியார்."

"நீங்க இனி வரமாட்டியளெண்டு பயந்தனான், காக்கா" என்றார் அப்பா.

காக்கா தோணியைக் கண்டல் ஓரத்து மணல்திட்டுக்கு வலித்து, ஏற்றி, சாமான்களை இறக்கினார். கரையில் மண் அள்ளித் தண்ணீரில் கரைத்து, முன் அணியத்திலிருந்து பின் கடையால் வரைக்கும் ஊற்றித் தேய்த்தார். அதன்மேல் வெறும் தண்ணீர். பன்றி பட்டதை ஏழு தரம் கழுவவேண்டும், ஒரு தரம் மண்ணோடு என்பது அவர்கள் முறை என்று பிறகுதான் அறிந்தேன். துடுப்பு, பலகை, ஊசிகள், தன் கைகள், எல்லாவற்றுக்கும் ஏழு. அப்பா கொஞ்ச நேரம் விலகி நின்றார். பிறகு என் கையிலிருந்த தகரத்தை வாங்கிக்கொண்டு இறங்கினார். காக்கா வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒருவர் ஊற்ற மற்றவர் தேய்த்தார். ஆறாவது தரம் முடிந்ததும் அப்பா தகரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"இன்னும் ஒண்டு இரிக்கி" என்றார் காக்கா. பிறகு, "ஏழு எண்ணத் தெரியாத ஆள் எப்பிடி என்ட தோணிக்குப் பலகை அளந்தனீங்க?" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏழாவது தரத்துக்குத் தண்ணீர் அள்ளினார்.

அடுத்த சனி நாங்கள் வழக்கமான நேரத்துக்குக் கரைக்குப் போனோம். ஐந்து நாற்பதுக்குத் தோணி இல்லை. ஆறு மணிக்கும் இல்லை. அப்பா சைக்கிளை நிறுத்தாமல் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். ஆறு இருபதுக்குத் துடுப்புச் சத்தம் கேட்டது. காக்கா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அணியத்தில் விரித்தார். மாட்டுத் தோல், மயிர் நீக்கி, சுரண்டி, உப்பில் ஊறவைத்து, முனை பிளந்து வெட்டியது. கண்ணாடி போல மெல்லியதாக இருந்தது.

"என்ன தோலெண்டு புள்ளைக்கிட்டக் கேட்டுட்டு ஏறுங்க" என்றார். பிறகு ஒன்றைப் பல்லில் கவ்விக்கொண்டு பின்தூண்டிலைக் கட்டத் தொடங்கினார்.

அவர்கள் இருவரும் அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஒன்றாகத் தூண்டில் போட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதானதும் பெண்பிள்ளை தோணியில் போவது நின்றது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஆறு மாத இடைவெளியில், முதலில் அப்பாவும் பிறகு காக்காவும் போனார்கள்.

சில வருடங்களுக்கு முன் அந்தக் கரைக்குப் போனேன். கிண்ணியாவுக்குப் பாதைப் படகு ஓடிய இடத்தில் இப்போது பாலம். நாங்கள் நின்ற கரையில் கொங்கிறீற்று. கண்டல் பாதிக்கு மேல் இல்லை. பாலத்தின் அந்தப் பக்கம் உசனார் காக்காவின் மூத்த மகன் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கிறார், அறுபதைத் தாண்டிவிட்டார். பிளாஸ்ரிக் பைகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு இறப்பர் வால்கள் வரிசையாகத் தொங்கின, எல்லாம் முனை பிளந்தவை. பின்தூண்டிலும் குழாயோடு தயாராகவே வருகிறதாம். தேநீர் வாங்கித் தந்தார். நான் அந்தத் தோணி கழுவிய நாளைப் பற்றித் தொடங்கினேன்.

"தெரியும் ராத்தா" என்றார் அவர். "அண்டைக்கு வீட்டுச் சட்டி பானை எல்லாம் ஏழு தரம் கழுவின. நானுந்தான் மண் அள்ளிக் குடுத்தன். தோணிக்குள்ள நாய் ஏறிட்டு, மீன்ல வாய் வெச்சிட்டு எண்டு வாப்பா சொன்ன. நாய் பட்டா ஏழு தரந்தானே."

அவருடைய உம்மா, என்ன நாய் என்று கேட்டாவாம். கறுத்த நாய் என்று காக்கா சொன்னாராம்.