ஓட்டையில்லாத கோப்பைகள்

பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் ‘ஹாரன்’ என்று பட்டப்பெயர். வண்டியில் ஹாரன் பழுதானாலும் கவலையில்லை. தலையை வெளியே நீட்டி அவள் ஒரு சத்தம் போட்டால் லாரிக்காரனே ஒதுங்கிக்கொள்வான். அப்படிப்பட்டவள் குரலைத் தாழ்த்திப் பேசிய ஒரே இடம் சமையலறை ஜன்னல். அங்கேதான் தயிர் டப்பாக்களில் அவளுடைய தக்காளியும் குடைமிளகாயும் முளைத்திருந்தன.

டப்பா விஷயத்தில் அவள் பட்டுத் தேறியவள். முட்டை அட்டையில் விதைத்துப் பார்த்தாள். ஊற்றிய தண்ணீரையெல்லாம் அட்டையே குடித்துவிட்டு முளையைக் காயப்போட்டது. காகித டீ கப் ஊறி அடி விட்டுப்போனது. கடைசியில் டிப்போவில் கூட வேலை செய்கிறவர்கள் தின்றுவிட்டுப் போடும் தயிர் டப்பாக்களைக் கழுவிக் கொண்டுவந்து, கம்பியைச் சுடவைத்து அடியில் நாலு ஓட்டை போட்டாள். "வேரும் நம்ம கால் மாதிரிதான். நாளெல்லாம் தண்ணியில நின்னா அழுகிடும்" என்பாள்.

இத்தனை பாடும் கட்டடத்துக்குப் பின்னால் குடியிருப்புச் சங்கம் அவளுக்கு ஒதுக்கிய ஒரு பாத்திக்காக. பல வருஷம் காத்திருந்து கிடைத்தது. சங்கம் குறித்த நடவு ஞாயிறன்று கன்றோடு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் பாத்தி அடுத்தவருக்குப் போய்விடும். விதை போட்டிருக்கிறேன் என்ற பேச்சே செல்லாது. அப்படிச் சொல்லிக்கொண்டு முன்பு பாதிப் பேர் களை வளர்த்தார்கள்.

அவள் கணவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். கண்ணில் படுவதெல்லாம் படத்துக்கு லாயக்காக இருக்க வேண்டும் அவருக்கு. ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்து பார்த்தால் ஜன்னலில் வெள்ளை வெளேரென்று பீங்கான் கோப்பைகள். உள்ளே அவள் கன்றுகள். தயிர் டப்பாக்கள் குப்பை வண்டி ஏறிவிட்டிருந்தன.

"டப்பாவுல பாக்கவே சகிக்கல. இப்பப் பாரு!"

"அடியில ஓட்டை எங்கங்க?"

"ஓட்டை போட்டா கோப்பை என்னத்துக்கு ஆகும்?"

திரும்பப் பிடுங்கினால் கன்று தாங்காது. "ஒரு ஸ்பூனுக்கு மேல தண்ணி ஊத்தாதீங்க" என்று சொல்லிவைத்தாள். அந்த வாரம் அவளுக்கு இரட்டை ஷிப்ட். அவரோ, இலை பளபளத்தால்தான் படம் எடுபடும் என்று தினமும் குளிப்பாட்டினார்.

படம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது: ‘என் சின்னத் தோட்டம்.’ என்! ரோஜாச் செடிக்கும் வெண்டைச் செடிக்கும் வித்தியாசம் தெரியாத மனிதரின் தோட்டம்! "சாருக்கு என்ன கைராசி!" என்று ஆளாளுக்குப் புகழ, அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. லிப்டில் யாரோ யோசனை கேட்டபோது, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "பொறுமை வேணுங்க, பொறுமை" என்றார். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதைதான். கருநாகமாவது புற்றை இடிக்காமல் இருக்கும்.

நடவு ஞாயிறன்று விடிந்து பார்த்தால் அத்தனை கன்றும் அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடந்தது. மண்ணில் நாற்றம். நாற்றுக்கடைக்கும் விடுமுறை. அவள் அழவில்லை. கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள், "வாங்க" என்று கணவரையும் இழுத்துக்கொண்டு கீழே போனாள்.

சங்கச் செயலாளர் அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தார். "சார், உங்க கன்னைத்தான் முதல்ல நடணும்னு காத்திருக்கோம்!"

ஹாரன் தட்டைக் கணவரிடம் நீட்டினாள். அவர் கை நீளவில்லை.

"எனக்கென்னங்க தெரியும்? செடியெல்லாம் இவ வளத்தது. நான் சும்மா படம்தான் எடுத்தேன்."

செயலாளர் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "கொஞ்சம் கவனிச்சு வளத்திருக்கக் கூடாதாம்மா?" என்றவர், வரிசையில் அடுத்து நின்ற தையற்காரரைக் கைகாட்டி அழைத்தார்.

ஹாரன் ஒரு கோப்பையைக் கவிழ்த்தாள். கறுத்த தண்ணீர் கணவரின் செருப்பில் கொட்டியது.

"உசுரோட இருந்த வரைக்கும் உங்க தோட்டம். செத்ததும் என் செடியா?"

நாலாம் மாடி ஜன்னல்கள்கூடத் திறந்துகொண்டன. கணவர் வாயைத் திறப்பதற்குள் தையற்காரர் அவள் பாத்தியில் முதல் குழியைத் தோண்டிவிட்டிருந்தார்.