முந்நூற்று எழுபது ஏக்கர் நாடு

கேதீஸ்வரனை நான் முதன்முதலில் பார்த்தது பத்தொன்பதாம் நம்பர் ட்ராமில். 1976 ஏப்ரல் மாதம். மெல்போர்னுக்கு வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. செங்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு முதல் பட்டதாரி நான். உபகாரச் சம்பளத்தில் மண் பொறியியல் மேற்படிப்புக்கு வந்தவன். இந்த விவரத்தைக் கேட்கத்தான் மெல்போர்னில் ஆள் கிடைக்கவில்லை. அன்று டிக்கெட்டுக்குக் காசை நீட்டினேன். தோளில் தோல் பையோடு நின்ற கண்டக்டர் காசை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“தமிழோ?”

“ஆமாங்க.”

“நல்லது. மொனாக்கோவின்ரை பரப்பளவு எவ்வளவு?”

எந்த ஊர், சோற்றுக்கு என்ன செய்கிறாய் என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்தேன். விழித்தேன்.

“முந்நூற்றி எழுபது ஏக்கர். உமக்கு ஊரிலை எத்தினை ஏக்கர் காணி?”

“மூணு.”

“அப்ப இன்னும் முந்நூற்றி அறுபத்தேழு வாங்கினா நீரும் இளவரசர். இந்தாரும் ரிக்கற்.”

எங்கள் ஊர் ஏரியே நானூறு ஏக்கர். ஒரு நாட்டைத் தூக்கி அதில் போட்டால் கரையில் எருமை மேயவும் இடம் மிச்சம் இருக்கும் என்று சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. பெல் தெருவில் இறங்குவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்படி உத்தரவே போட்டுவிட்டார்.

காரைநகர்க்காரர். நாற்பது வயது. கொழும்பில் அரசாங்க ஆபீசில் பதினாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்து, எழுபத்துமூன்றில் இங்கே வந்தவர். மனைவி இரஞ்சிதம் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. அந்த அம்மாளுக்கு விசா கிடைக்க இரண்டரை வருஷம் பிடித்தது. கிடைத்த விசாவில் ஒரு தேதியும் இருந்தது: நவம்பர் முப்பதுக்குள் மெல்போர்னில் வந்து இறங்க வேண்டும். தவறினால் மறுபடி முதல் விண்ணப்பத்திலிருந்து. விமானச் சீட்டுக்கு வழியில்லை. அங்கிருந்து பணத்தை வெளியே விடமாட்டார்கள்; இங்கே கண்டக்டர் சம்பளம் வாடகையையும் அரிசியையும் பார்த்ததோடு சரி.

இந்த இடத்தில்தான் மொனாக்கோ வருகிறது. உள்ளூர் வானொலி ஒன்றில் வாராவாரம் ஒரு வினாடிவினா நடந்தது. போட்டியாளர் ஒரு பாடத்தைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கடைசிச் சுற்றில் ஜெயிப்பவருக்கு உலகின் எந்த ஊருக்கும் போக வர ஒரு விமானச் சீட்டு. கொழும்பிலிருந்து மெல்போர்னுக்கு மனைவி பேரில் அதை எழுதித் தருவீர்களா என்று கேதீஸ்வரன் முதலிலேயே கேட்டு உறுதி வாங்கிவிட்டார். மற்றவர்கள் கிரிக்கெட், உலகப்போர், ரோஜாச் செடி என்று தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். பாவம், பரீட்சை எழுதிப் பழக்கமில்லாதவர்கள். நம்மவர் சிலபஸைப் பார்த்தார்.

“தம்பி, சின்ன நாடு, சின்னப் பாடம். இந்தியாவை எடுத்தா எங்கை துவங்கி எங்கை முடிக்கிறது?”

“அதவிடச் சின்னது வத்திக்கான் இருக்கேண்ணே?”

“சைவப் பிள்ளை போப்பாண்டவரைப் பாடமாக்கிறதோ? விசர்க்கதை.”

“நவுரு?”

“அது இஞ்சைக்குக் கிட்ட. அங்கத்தை ஆள் வந்து பிழை பிடிப்பான். மொனாக்கோ திறம். ஒரு பக்கம் கடல், மிச்சமெல்லாம் பிரான்ஸ். உது எங்கை வளர்றது? பாடம் நீளவே நீளாது.”

பழைய புத்தகக் கடையில் ஒரு தடித்த புத்தகம் வாங்கியிருந்தார், ஐம்பத்தெட்டில் அச்சடித்தது. அதில் மொனாக்கோ பதினோரு பக்கம். அந்தப் பதினோரு பக்கத்தையும் முற்றுப்புள்ளியோடு மனப்பாடம் செய்தார். அதற்கு அவர் கண்ட உபாயத்தை எந்தப் பல்கலைக்கழகத்திலும் நான் பார்த்ததில்லை: நாட்டைச் சிட்னி ரோட்டின் மேல் விரித்துவிட்டார். பிரன்ஸ்விக் ரோட்டில் ட்ராம் ஏறினால் பிரான்ஸ் எல்லை. அடுத்த நிறுத்தம் துறைமுகம், கோடீஸ்வரர்களின் படகுகள். இத்தாலிக்காரர் இறைச்சிக் கடை இருக்கும் இடத்தில் பாறை மேல் இளவரசரின் அரண்மனை. பழைய மரச்சாமான் கடைதான் சூதாட்ட மாளிகை. பெல் தெரு வந்தால் மறுபடியும் பிரான்ஸ். நெரிசல் இல்லாவிட்டால் பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு நாடு முடிந்துவிடும்.

“மூர் ஸ்ட்ரீட், அடுத்தது” என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டு, என் பக்கம் குனிந்து தமிழில் சொல்வார்: “சொந்த நாட்டான் சூதாட்ட மண்டபத்திலை விளையாடக் கூடாது. சட்டம். வெளியிலிருந்து வாறவன்தான் தோற்கவேணும். வருமான வரியும் இல்லை. எங்கடை ஆக்களுக்குத் தெரிஞ்சா ஒருத்தரும் இஞ்சை இருக்கமாட்டினம்.”

“அங்க வேலை செய்யறது யாரு?”

“பிரான்சாலையும் இத்தாலியாலையும் காலமை ரயிலிலை வருவினம். கோப்பை கழுவி, கட்டில் விரிச்சுப் போட்டு, பின்னேர ரயிலிலை திரும்பிப் போயிடுவினம். அங்கை குடியிருக்க வசதி காணாது.”

ஜனவரி இருபத்தாறாம் தேதி சாயந்திரம் அவர்கள் தங்கள் காவல் புனிதைக்காக ஒரு படகைக் கொளுத்துகிறார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் கடலோரத்தில் பிறந்த அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிடும். “நல்ல வள்ளத்தை!” என்பார்.

இரண்டு சுற்றுகளைத் தாண்டிவிட்டார். கடைசிச் சுற்று செப்டம்பர் மூன்றாம் வாரம். அதற்குப் பத்து நாள் முன்புதான் என் படிப்பு குறுக்கே வந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பொறியியல் சஞ்சிகையைப் புரட்டினேன். மொனாக்கோ! ஆழக் கடலில் கல்லும் மண்ணும் கொட்டி, மேற்கே ஒரு புதுப் பேட்டையையே உண்டாக்கியிருந்தார்கள். கிழக்கே கடற்கரையும் கூடியிருந்தது. இன்றைய பரப்பு நானூற்று நாற்பது ஏக்கருக்கு மேல் என்று போட்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பெருமை. படித்த படிப்பு ஒரு மனிதருக்குப் பயன்படப்போகிறதே!

கேதீஸ்வரன் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புத்தகத்திலை முந்நூற்றி எழுபது எண்டு அச்சடிச்சுக் கிடக்கு.”

“அண்ணே, எங்க ஊர்ல ஏரிப் புறம்போக்குல நாலு வண்டி மண்ணக் கொட்டி, வேலியப் போட்டு, அடுத்த வருஷம் பட்டா வாங்கிடுவாங்க. அதத்தான் இவங்க கடல்ல பண்ணியிருக்காங்க. நாடுன்னா தாசில்தார் கேக்கமாட்டாரு.”

அவர் சஞ்சிகையை மூடிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: “நீர் பட்டதாரி. சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

போட்டியன்று நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ரோஜாச் செடி எடுத்த வெள்ளைக்கார மூதாட்டி. இருவருக்கும் சம மதிப்பெண். மூதாட்டி தன் கடைசிக் கேள்விக்குச் சரியாகச் சொல்லிவிட்டார். கேதீஸ்வரனுக்கு வந்த கடைசிக் கேள்வி: மொனாக்கோவின் பரப்பளவு என்ன?

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். என்ன கம்பீரமான ஆட்டம்!

“ஃபோர் ஹண்ட்ரட் அண்ட் ஃபார்ட்டி ஏக்கர்ஸ்.”

நிகழ்ச்சியை நடத்தியவர் கையிலிருந்த விடை அட்டையைப் பார்த்தார். வருத்தம் தெரிவித்தார். சரியான விடை முந்நூற்று எழுபது. வானொலிக்காரர்களும் அதே பழைய புத்தகத்தைத்தான் வைத்திருந்தார்கள். என் பேச்சைக் கேட்காமல் இருந்திருந்தால் இரஞ்சிதம் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பார்.

ஆறுதல் பரிசு ஒரு மின்சாரப் பொரியல் சட்டி. அதை மடியில் வைத்துக்கொண்டு ட்ராமில் திரும்பினோம். பிரன்ஸ்விக் ரோட்டில் மொனாக்கோ தொடங்கியது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“அண்ணே…”

“நாடு வளர்ந்தது மெய்தானே?”

“மெய்தான்.”

“அப்ப நான் சொன்னது பிழையில்லை. பிறகேன் நீர் அழுகிறீர்? அந்தச் சஞ்சிகையை நாளைக்கு எடுத்து வாரும்.”

வானொலி நிலையத்துக்குப் போனோம். அட்டையில் இருப்பதே முடிவு என்றார்கள். அரசாங்க ஆபீசில் பதினாறு வருஷம் இருந்தவருக்கு அந்த வாக்கியம் நன்றாகத் தெரியும். அவரே பலரிடம் சொன்னதுதான். மறுநாள் முதல் பத்தொன்பதாம் நம்பரில் டிக்கெட்டோடு ஒரு விளக்கவுரையும் கிடைத்தது. சஞ்சிகையிலிருந்து நான் நகல் எடுத்துக் கொடுத்த மொனாக்கோ படத்தைத் தோல் பையில் வைத்துக்கொண்டு, ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஆங்கிலத்தில் கேட்டார்: “கடல் இருந்த இடத்திலை இப்ப நிலம் இருந்தா, அது அந்த நாடோ, இல்லையோ?” கிரேக்கர்கள் நாடு என்றார்கள். இத்தாலியர்கள் வானொலிக்காரர்களை ஏதோ திட்டினார்கள், மொழி புரியாவிட்டாலும் திருப்தியாக இருந்தது. எல்லோரிடமும் நிலையத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். டிப்போ மேலாளர் கூப்பிட்டு, டிக்கெட்டை மட்டும் விற்றால் போதும், நாட்டை விற்க வேண்டாம் என்றாராம்.

அக்டோபர் போயிற்று. விசாவுக்கு நாலு வாரம் பாக்கி. அப்போது ஒரு காலை, கோபமான ஒரு பெண் ட்ராமில் ஏறினாள். அதே வானொலி நிலையத்தில் தொலைபேசி எடுப்பவள்.

“ஒரு மாதமாக உங்கள் பாழாய்ப்போன நாட்டைத் தவிர வேறு பேச்சே காதில் விழவில்லை. கொடுங்கள் அந்தப் படத்தை!” என்று ஆங்கிலத்தில் கத்தினாள். பிடுங்கிக்கொண்டு போனாள்.

அவள் அதை யார் மேஜையில் எறிந்தாளோ, அடுத்த வாரம் வானொலியில் ஓர் அறிவிப்பு வந்தது: போட்டி தயாரான பிறகு மொனாக்கோ வளர்ந்துவிட்டதாம். உண்மையில் அது வளர்ந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தது. போகட்டும். ரோஜா மூதாட்டியின் சீட்டைத் திரும்ப வாங்க முடியாதென்று இன்னொரு சீட்டுக் கொடுத்தார்கள்.

நவம்பர் இருபத்தேழாம் தேதி இரஞ்சிதம் அக்கா வந்து இறங்கினார். கேதீஸ்வரன் விமான நிலையத்திலேயே கதையை ஆரம்பித்துவிட்டார். கடலைத் தூர்த்த இடத்துக்கு வந்ததும் அக்கா பெட்டியைக் கீழே வைத்தார்.

“உது எனக்குத் தெரியுமே. நான் ஏ.எல். வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறனான். என்னட்டை ஒரு கடிதத்திலை கேட்டிருக்கலாந்தானே?”

“நீர் படிப்பிக்கிறது கணக்கெல்லோ?”

“அது நீங்கள் போக முந்தி. மூண்டு வருசமா எழுதின கடிதத்திலை என்ன படிப்பிக்கிறீர் எண்டு ஒரு வரி கேட்டனீங்களோ? கடைசியா வந்ததெல்லாம் மொனாக்கோ. இஞ்சை நவம்பரிலையும் குளிரும் எண்டு எழுதேல்லை. நான் நூல் சேலையோடை வந்து நிக்கிறன்.”

கேதீஸ்வரன் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். மொனாக்கோவைப் பற்றி அவர் வாய் மூடியிருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சீட்டு போக வர என்பதால் கொழும்புக்குத் திரும்பும் பாதி மிச்சம் இருந்தது. ஒரு வருஷம் செல்லும். திரும்பி வரும் சீட்டுக்குக் காசு சேர்த்து, அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எழுபத்தேழு செப்டம்பருக்குத் தேதி பார்த்து வைத்திருந்தார் அக்கா. ஆகஸ்டில் அங்கே தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. கொழும்பிலிருந்த அவருடைய தம்பி கப்பலில் ஏறி யாழ்ப்பாணம் போனான் என்று கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தேதியைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. நவம்பரில் சீட்டு காலாவதியாயிற்று.

இது 1979. கேதீஸ்வரன் இன்னும் பத்தொன்பதாம் நம்பரில் கண்டக்டராக இருக்கிறார். இரஞ்சிதம் அக்கா கோபர்க்கில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை; புவியியல்தான் எடுக்கிறார். வீடு பெல் தெருவுக்குச் சற்று வடக்கே, பிரான்சில். மின்சாரச் சட்டியில் தோசை வார்க்கிறார்கள்.