கம்பி மத்தாப்புச் சுவரும் ஒரு வை-பை பெட்டியும்

கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்றுவிட்டு, அது வந்து சேரவில்லை என்று திட்டு வாங்குவதுதான் கடைகளுக்கு வை-பை மாட்டித் தருகிறவனின் பிழைப்பு. ஏணியும் கையுமாக அலைகிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

வெறுங்கடை

முத்துமாரியக்கா நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். போன வருடம்தான் சாத்தூர் ரோட்டில் வரிசையாக நிற்கிற பட்டாசுக் கடைகளில் ஒன்றை எடுத்தார். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன்; வயதை இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. கடை அகலம் பத்தடி, நீளம் முப்பதடி. முதல் சீசன் ஓடினால் கடை நிலைக்கும், ஓடாவிட்டால் மறுபடி ஆலை வேலைதான். வேனில் வந்து இறங்கும் வெளியூர்க் கூட்டத்துக்கு அங்கங்கே நின்று வை-பையில் ஓடும் டேப்லெட்டில் பில் போட்டால்தான் சமாளிக்க முடியும். பில் நின்றால், நாலே எட்டு வைத்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

ஆனி மாதம் நான் போனபோது கடை காலி. சிக்னல் மீட்டரை வைத்து மூலை மூலையாக அளந்தேன். கடைக்கோடியில்கூட சிக்னல் துள்ளியது. முன்பக்கச் சுவரில் ஒரே ஒரு பெட்டியை மாட்டிவிட்டு, பெரிய ஆள் மாதிரி ஏணியை மடக்கினேன். அக்கா கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆளில்லாத பஸ்ஸுல எடம் இருக்குன்னு சொல்றீக. தீவாளிக்கும் இருக்குமாண்ணே?"

இரும்பு

ஆவணியில் லோடு இறங்கியது. மறுநாளே போன்: பின்பாதியில் டவர் செத்துப்போச்சாம். போய்ப் பார்த்தால் தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள். வை-பை பெட்டியை உள்ளே தள்ளி மாட்டிவிடலாம் என்று டிரில்லை எடுத்தேன். அக்கா வேகமாக வந்து என் கையைப் பிடித்துவிட்டார். சரக்கு இறங்கிய கடைக்குள் டிரில் ஓடக் கூடாது, ஒரு பொறி போதும். வெறுங்கடையை அளந்த என் தப்பைத் திருத்த இனி தீபாவளி கழிய வேண்டும். அதற்குள் அவர் சீசனே போய்விடும்.

மீட்டரோடு நான் நடக்க, அக்காவும் கூடவே வந்தார். தரைச்சக்கரத்தைத் தாண்டினோம், புஸ்வாணத்தைத் தாண்டினோம், சிக்னல் அசையவில்லை. அடுத்த அடுக்கைத் தாண்டியதும் படுத்துவிட்டது. அக்கா அதில் ஒரு பெட்டியைத் தூக்கிக் கனம் பார்த்தார். "கம்பி மத்தாப்பு. அம்புட்டும் இரும்புல்ல?" என்றார். நான் அட்டையைத்தான் பார்த்தேன். அவர் உள்ளே இருந்ததைப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் கம்பி மத்தாப்பு முழுவதும் பக்கச் சுவரோரம் போய்ச் சேர, பின்பாதிக்கு உயிர் வந்தது. வாயைப் பிளந்து நின்றிருந்தேன் போலிருக்கிறது. அக்கா கைத்தூசியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "இருவது வருசம் பெட்டி போட்டவளுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாதாண்ணே?"

ஒரு ரூமுக்கு நாலு பேர்

புரட்டாசியில் வரிசை முழுக்கக் கடை திறந்தது. ஆளுக்கொரு வை-பை, எல்லாம் முழு பவரில், முக்கால்வாசி ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில். மறுபடி பில் திக்கியது. நானும் பவரைக் கூட்டினேன். நம் ஆட்கள் எல்லோரும் முதலில் செய்கிற பாவம் அது. நிலைமை இன்னும் மோசமானது. ஒரு சேனல் என்பது ஒரு ரூம் மாதிரி, அதில் இத்தனை பேர் பேசினால் ஒருத்தர் முடிக்கிற வரை மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டும் என்று அக்காவிடம் விளக்கினேன்.

"அப்ப எத்தன ரூமு இருக்கு?" என்றார். ஒன்றோடொன்று உரசாத சேனல் ஒன்று, ஆறு, பதினொன்று என்று மூன்றுதான் என்றேன். ஒரு அட்டையைக் கிழித்தார், கடைகளை வரிசையாக எழுதினார், பக்கத்துப் பக்கத்துக் கடைக்கு ஒரே எண் வராதபடி மூன்றையும் மாற்றி மாற்றிப் பிரித்தார். நான் சான்றிதழ் வாங்கப் படித்த பாடத்தை அவர் நின்ற வாக்கிலேயே போட்டு முடித்துவிட்டார். அட்டையோடு கடை கடையாக ஏறி இறங்கினார். விலையில் ஒருவரையொருவர் கடித்துத் தின்கிறவர்கள், தலையை ஆட்டிவிட்டு என்னை உள்ளே விட்டார்கள். சேனலை மாற்றினேன், எல்லோர் பவரையும் பாதியாகக் குறைத்தேன். பக்கத்துக் கடை அண்ணாச்சி மட்டும் பவரைக் குறைக்க முரண்டு பிடித்தார். ஆலையில் மருந்து ரூமுக்குள் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி; அதை வைத்து அக்கா கேட்ட கேள்வியில் அவரும் இறங்கிவந்தார்: "மருந்து ரூமுல நாலு பேருக்கு மேல நின்னா என்ன ஆகும்னு ஒங்களுக்கு நானா சொல்லணும் அண்ணாச்சி?"

கடைசி ஞாயிறு

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. ரோடு கொள்ளாத வேன்கள். கூட்டத்தில் செல்போன் டவர் காலையிலேயே படுத்துவிட்டது. கேபிளில் வருகிற இணையத்தை நம்பி வரிசைக் கடைகளில் பில் வழுக்கிக்கொண்டு ஓடியது. நண்பகலில் ஒரு வேன், அண்ணாச்சி கடைக்கு வருகிற கேபிளை அறுத்துக்கொண்டு போனது. அங்கே பில் நின்றது. கூடை நிறையச் சரக்கோடு நின்ற கூட்டம் முனகிவிட்டு, ஒவ்வொருவராக இந்தப் பக்கம் திரும்பியது. அக்கா ஜெயித்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அண்ணாச்சி அக்கா கடை வாசலில் வந்து நின்றார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தார், தன் வை-பை பாஸ்வேர்டைத் துண்டு அட்டையில் எழுதி அவர் கையில் கொடுத்தார். ஏன்க்கா என்று கேட்டே விட்டேன். அடுத்த பில்லைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அங்கன பில்லு போடுற பொம்பளைக அஞ்சு பேரும் என்கூட ஆலையில வேல பாத்தவளுக. இன்னைக்கி யாவாரம் நின்னா அவளுகளுக்கு என்ன மிஞ்சும்? பவரக் கூட்டி வைங்கண்ணே, சுவத்தத் தாண்டிப் போவட்டும்."

சிக்னலை அடுத்த கடைக்குள் போகவிடாமல் தடுப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற நான், அது ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று அன்று சாயங்காலம் வரை அண்ணாச்சி கடையில் மீட்டரும் கையுமாக நின்றேன்.