கோட்டைத் தோலில் நான் போட்ட வட்டம்

கனடாவுக்கு வந்து எட்டு மாதமாகியும் எனக்கு வேலை செய்ய அனுமதி வரவில்லை. என் மனைவி வேலூரில் நர்ஸிங் படித்தவள். இங்கே ஒரு சின்ன ஊர் மருத்துவமனை அவளை இரண்டு வருட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் தோலில் குறை பார்த்துப் பிரிக்கும் செலக்‌ஷன் வேலை பார்த்த நான், இங்கே அவள் ட்யூட்டிக்குப் போனதும் பாத்திரம் துலக்கி, துணி மடித்துவிட்டு, ஜன்னல் வழியாக அடுத்த வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கார் ஓட்டத் தெரியாது. பஸ் கிடையாது. பேஜார் என்று சொன்னால் போதாது, மூச்சு முட்டியது.

அந்த வாரம் ஆம்பூரிலிருந்து மேஸ்திரி பாய் போன் செய்திருந்தார். "உன் எடத்துக்கு இன்னும் ஆள் போடல தம்பி. வெள்ளிக்கெழமைக்குள்ள வர்றியா இல்லியான்னு சொல்லிடு." வருகிறேன் என்று மனதுக்குள் அப்போதே சொல்லிவிட்டேன். மனைவியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பக்கம் முதன்முதலில் வந்து தங்கிய குடியிருப்பைப் பழைய மாதிரியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு வரலாம் என்று காலையிலேயே கிளப்பினாள். கடலோரத்தில் ஒரு மரக் கோட்டை. சுற்றிலும் கூராகச் சீவிய மரங்களை நெருக்கி நட்ட வேலி. உள்ளே ஒரு முற்றம், ஒரு கிணறு, நாலு பக்கமும் வெளிச்சமில்லாத மர அறைகள். அந்தக் காலத்து உடுப்புப் போட்ட வழிகாட்டி ஒருவர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள் குளிர்காலம் முழுக்க இதற்குள்ளேயே கிடந்தார்கள், கப்பல் வந்தால்தான் ஊர் திரும்ப முடியும் என்று விளக்கினார். மனைவி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"வீட்ல பாக்கற வேலி பத்தாதுன்னு இங்க வேற கூட்டியாந்தியா?" என்றேன்.

அவள் அடுத்த அறைக்குள் நடந்தாள்.

கடைசி அறையில், மேஜை மேல் பார்வைக்காக நாலைந்து பதனிட்ட தோல்களைப் பரப்பியிருந்தார்கள். எட்டு மாதம் கழித்துத் தோல் வாசனை. கை தானாகப் போனது. புறங்கையால் தடவினேன். ஓரத்தை மடித்துப் பார்த்தேன். கழுத்துப் பக்கம் முள் கீறல், அதற்குக் கீழே உண்ணிக் கடி. எங்கள் கம்பெனியில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் வெள்ளி நிற மை விடும் சில்வர் பேனாவால் சுற்றி வட்டம் போட வேண்டும். அப்போதுதான் கட்டிங் ஆள் அந்த இடத்தைத் தவிர்த்து வெட்டுவான். போக இடமில்லாவிட்டாலும் காலையில் சட்டை மாட்டியதும் அந்தப் பேனாவைப் பாக்கெட்டில் சொருகிக்கொள்வது என் வழக்கம். எடுத்தேன், வட்டம் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது போடும்போது மனைவி அலறினாள்.

"ஐயோ, இன்னாங்க பண்றீங்க!"

வழிகாட்டி ஓடி வந்தார். திட்டவில்லை, பொருளுக்குச் சேதம் செய்தவர்கள் நிரப்ப வேண்டிய ஒரு படிவத்தைத்தான் நீட்டினார். மனைவி தலையைக் குனிந்துகொண்டு நிரப்பினாள். இதற்கு முன் எந்தப் படிவத்திலும் என் தொழில் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே ஒரு கோடு போட்டுவிடுவாள். அன்று நிமிர்ந்து பார்த்தாள்.

"தொழில்னு கேட்டிருக்கு. இன்னா எழுதறது?"

"லெதர் செலக்டர்னு எழுது." என் சத்தத்தில் வழிகாட்டி ஓரடி பின்னால் போனார். அவள் எழுதினாள். இவ்வளவு கத்தியாகிவிட்டது, மிச்சத்தையும் கொட்டிவிட்டேன். "பாய் வேலைக்குக் கூப்பிட்றாரு. இன்னிக்குள்ள சொல்லணுமாம். நான் ஊருக்குப் போறேன்."

படிவத்தைக் கொடுத்துவிட்டு அவள் காருக்கு நடந்தாள். உட்கார்ந்து, சாவியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"போங்க. உங்களால போவ முடியும். நான்தான் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்ருக்கேன். வார்டுல பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வர்றப்போ, நம்ம வீட்ல லைட் எரியுதான்னு தெருமுனையிலயே பாப்பேன். அதுக்காக இருங்கன்னு சொல்ல மாட்டேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. தினமும் காரை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாளே, இவளுக்கு என்ன குறை என்றுதான் எட்டு மாதமும் எரிச்சல்பட்டிருந்தேன். கதவு திறந்திருந்தது எனக்குத்தான், அவளுக்கு இல்லை. போக வேண்டும் என்ற ஆசை அப்போதும் அப்படியேதான் இருந்தது. போனை எடுத்து ஆம்பூருக்கு அடித்தேன். அங்கே சாயங்காலம், ஷிப்ட் விடும் சத்தம் கேட்டது.

"பாய், வேற ஆள் போட்டுக்கோங்க."

"இன்னா தம்பி, அங்கயே நல்ல வேலை கெடைச்சிடுச்சா?"

பக்கத்தில் அவள் சாவியைப் போடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"ஆமா பாய்," என்றேன்.