நிலாவில் மலையாளம் பேசுவார்கள்

மூன்றாவது வளைவில் ராக்கெட்டின் இஞ்சின் நின்றுபோகும். முத்துக்கண்ணன் ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தி, ஜீப்பை ஒரு நொடி மூச்சுத் திணற விட்டு, "டொப்புனு ஒரு சத்தம். அம்புட்டுத்தேன். உள்ள இருந்த மூணு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கறாக" என்பார். பின்னால் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெண்கள் மடியிலிருக்கும் தூக்குவாளியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு கியரை மாற்றி, ஹாரனை மூன்று முறை அடித்து, வளைவைத் திருப்புவார். ராக்கெட் மறுபடி கிளம்பிவிடும்.

போடியிலிருந்து கேரள எல்லையிலிருக்கும் மெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கதை முந்தல் செக்போஸ்டில் தொடங்கிப் பதினேழாவது வளைவில் முடியும். மூடுபனியில் ஜீப் ஊர்ந்தால் கதையும் ஊரும். எதிரே லோடு லாரி மறித்து நின்றால் ராக்கெட்டும் வானத்தில் அப்படியே நிற்கும். "இருங்க ஆத்தா, லாரி போகட்டும்" என்பார். லாரி போன பிறகுதான் ராக்கெட்டுக்கு வழி.

ஐம்பத்து நாலு வயது. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றத் தொடங்கி இருபத்து நாலு வருஷம். காலை ஐந்தரைக்குச் சிலமலையில் வண்டியை எடுத்து, போடியில் மீதிப் பேரை ஏற்றி, எட்டு மணிக்குள் மலைக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் இறக்க வேண்டும். சாயங்காலம் அதே ஆட்களை அதே எண்ணிக்கையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். சித்திரை வெயிலிலும் வலது காதை மட்டும் துண்டால் இழுத்து மூடியிருப்பார். மலைக்காற்று அந்தக் காதைத்தான் குறிவைக்குமாம். டீக்கடையில் ஏலக்காய் தட்டிப் போட்ட டீயை நீட்டினால் வாங்கமாட்டார். "நாள் பூராம் அதே வாசத்தத்தான் வண்டியில ஏத்திக்கிட்டு அலையறேன். வாய்க்குள்ளயும் ஏத்தணுமா?" ஜீப்பில் பாட்டுக் கிடையாது. ரேடியோ இருந்த ஓட்டையில் ஒரு சீப்பும் தீப்பெட்டியும் இருக்கும். பாட்டுக்குப் பதிலாகத்தான் கதை. அதுவும் ஏற்றத்தில் மட்டும். இறக்கத்தில் வாயைத் திறக்கமாட்டார்; பிரேக்கில் காலும், காலில் கவனமும் இருக்கும்.

கதை அவருடையது அல்ல. "நிலாத்தரை" என்று பல வருஷங்களுக்கு முன்னால் டிவியில் வந்த ஒரு விஞ்ஞானத் தொடரின் முதல் பாகம். இரண்டாவது பாகத்தில் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது. முதல் பாகமே போதும் என்கிற மாதிரிதான் அது இருந்தது.

ஏழாவது வளைவில் ராக்கெட் நிலாவில் இறங்கும். ஒன்பதில் நிலாக்காரர்கள் வருவார்கள். படகில் வருவார்கள்.

"நெலாவுல தண்ணி ஏதுண்ணே?" புதிதாகச் சேர்ந்த யாராவது கேட்பார்கள்.

"படிச்சவுக இப்பத்தேன் மெசின விட்டுத் தேடிக்கிட்டிருக்காக. நான் இருவத்தாறு வருசத்துக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

நிலாக்காரர்கள் படகைக் கட்டிவிட்டு, கரையில் குந்தி மரவள்ளிக்கிழங்கு உரிப்பார்கள். பூமியிலிருந்து வந்தவர்களைப் பார்த்ததும் பதறமாட்டார்கள். "வரூ, இரிக்கூ" என்று உட்காரச் சொல்வார்கள். நிலாவில் மலையாளம்தான் பேச்சு. இதில் ஜீப்பில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. முன் சீட்டில் உட்காரும் இருளம்மாள், அந்த ஜீப்பிலேயே மூத்தவள், ஒரு தடவை இதற்குத் தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "மெட்டத் தாண்டுனாலே மலையாளம். அதுக்கும் மேல போனா மட்டும் தமிழா பேசுவான்?"

பதினேழாவது வளைவில் கதை முடியும் இடம் வேறு மாதிரி. அங்கே அவர் குரல் இறங்கிவிடும். மறுபடி இஞ்சின் கெட்டு நிலாவில் மாட்டிக்கொண்ட மூன்று பேரைக் கூட்டிப்போக இன்னொரு ராக்கெட் வருகிறது. நிலாவில் புழுதிக்காற்று, இறங்க இடம் தெரியவில்லை. அப்போது ஒரு நிலாக்காரி, நுனியில் வெளிச்சம் உள்ள நெட்டைக் கம்பம் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டவெளியில் நிற்கிறாள். "சுத்திச் சுத்தி அடிக்குது காத்து. கம்பத்த விடல. அவ யாரு, என்ன பேரு, ஒண்ணுந் தெரியாது. நின்னா. அம்புட்டுத்தேன், தொடரும் போட்டுட்டான்." மெட்டு வந்துவிடும். பெண்கள் இறங்கிக் காலை உதறிக்கொள்வார்கள்.

அந்த முதல் பாகத்தை அவர் பார்த்தது இப்படி. கல்யாணமாகி மூன்று மாதம். மெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அமுதவள்ளி காய் எடுக்கப் போனாள். இவருக்கு ஸ்டோரில் வேலை. பச்சை ஏலக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, கீழே விறகு போட்டு உலர்த்துகிற கட்டடம்தான் ஸ்டோர். தீ வைத்தால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அடுப்பை விட்டு நகரக்கூடாது. சூடு இறங்கினால் காய் வெளுத்துப்போகும். வெளுத்த காயை ஏலத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அந்த ஸ்டோரில், முதலாளி வீட்டில் கழித்துக்கட்டிய கறுப்பு வெள்ளை டிவி ஒன்று கிடந்தது. நம் குரங்கணி மேட்டில் எடுத்த தொடர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரப்போகிறது என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. மழை பிடித்துக்கொண்டதில் மற்றவர்கள் லயத்து வீடுகளை விட்டு வரவில்லை. இவர் அடுப்பை விட்டு நகர முடியாது. வெளியே மூங்கில் கம்பத்தில் கட்டிய ஆண்டெனாவைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அமுதவள்ளி சாக்கை மடித்து மழைக்குத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு போனாள்.

"தெரியுதா?"

"தெரியல... இன்னுங் கொஞ்சம்... தெரியுது, தெரியுது! அப்பிடியே நில்லு!"

வடகிழக்கே திருப்பினால் கொடைக்கானல் டவர், தமிழ். மேற்கே சாய்ந்தால் மலையாளம். காற்று கம்பத்தை உலுக்கும்போதெல்லாம் ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் ஏறியது. ராக்கெட்டின் கதவு திறந்தது. திறந்த கதவுக்கு வெளியே ஓர் ஆறும் படகும் இருந்தன. இரண்டிலும் அதே கறுப்பு வெள்ளை, அதே பொரிப்பொரியான மழை. அடுப்பில் ஒரு கண்ணும் டிவியில் ஒரு கண்ணுமாக இருந்தவருக்கு அது ஒரே கதையாகத்தான் தெரிந்தது.

முடிவு மட்டும் தெரியவில்லை. கடைசி ஐந்து நிமிஷம் திரையில் வெள்ளைப் புள்ளிகளைத் தவிர எதுவும் இல்லை. "தெரியுதா?" என்று மழைக்குள்ளிருந்து குரல் வந்தது. இத்தனை நேரம் நின்றது வீண் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "தெரியுது" என்றார்.

தலையிலிருந்து தண்ணீர் ஒழுக உள்ளே வந்தாள். அடுப்புக்கு முன்னால் குந்தி, நடுக்கத்தோடு கேட்டாள்: "ஒண்ணு விடாமச் சொல்லுங்க. கடைசியில என்ன ஆச்சு?" அவர் அவளைப் பார்த்தார். கம்பம் பிடித்த நிலாக்காரி அப்போதுதான் பிறந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு இடி விழுந்து டிவியும் போயிற்று.

ஜீப்புப் பெண்கள் கேட்டது எல்லாம் பிறகுதான். அதற்கு முன்னால் அந்தக் கதை முழுக்க அமுதவள்ளிக்குச் சொந்தம். மூத்த பிள்ளைக்கு வலி எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னார். வலி வந்தால் நிறுத்துவார், விட்டால் தொடர்வார். ஒரு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு அவளே கேட்டாள், "படகு வந்துருச்சா?" இப்போது போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையில் உட்கார்ந்து வெடித்த காயைப் பொறுக்குகிறாள். கூட இருப்பவர்களிடம், "எங்க வீட்டுக்காரர் பாத்த கதை மாதிரி ஒண்ணு இன்னமே வராது. நான் பாக்கல. ஆனா நான் பிடிச்சாத்தான் தெரிஞ்சுச்சு" என்பாளாம்.

போன வியாழக்கிழமை, முந்தல் செக்போஸ்டில், பின் சீட்டிலிருந்து ரேணுகா கத்தினாள். ஜீப்பில் சின்னவள், போனும் கையுமாக இருப்பவள்.

"அண்ணே! ஒங்க நெலாக் கதைய யாரோ யூட்யூப்புல ஏத்தி விட்ருக்காகண்ணே! மொதப் பாகம், இருவத்து மூணு நிமிசம்."

"அது வேறயா இருக்கும்."

"நிலாத்தரைன்னு போட்ருக்கே."

அன்றைக்கு மூன்றாவது வளைவில் இஞ்சின் நிற்கவில்லை. ஏழில் ராக்கெட் இறங்கவில்லை. பதினேழு வளைவும் ஹாரன் சத்தம் மட்டும். மதியம் கஞ்சி குடிக்கிற நேரத்தில் பதினோரு பேரும் ரேணுகாவின் போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். சாயங்காலம் இறக்கத்தில், வண்டி முதல் வளைவைத் தொடுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணே, படகு எங்கண்ணே?"

"கெழங்கு உரிக்கவே இல்லயே. நான் அதுக்காகவே பாத்தேன்."

"மூணு பேரும் நின்ன எடத்துல நின்னு பேசிக்கிட்டே இருக்காக. எனக்குக் கொட்டாவி வந்துருச்சு."

"நெலான்னு நம்ம குரங்கணிப் பாறையக் காமிக்கறான். ஓரத்துல ஒரு ஆடு மேயுதுண்ணே!"

ஜீப் குலுங்கச் சிரித்தார்கள். இருளம்மாள் மட்டும் திரும்பி அதட்டினாள். "நெலாவுல ஆடு மேயலாம், படகு போகக் கூடாதா? பேசாம வாங்கடி."

ஐந்தாவது வளைவு தாண்டியதும் முத்துக்கண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். இருபத்து நாலு வருஷத்தில் இறக்கத்தில் நடுவழியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. திரும்பாமல், கண்ணாடியைப் பார்த்தே பேசினார்.

"ஆத்தா, ஒங்க எல்லாரையும் கும்பிட்டுக் கேக்கறேன். அமுதாகிட்ட மட்டும் இதக் காட்டிறாதீக."

"ஏப்பா," என்றாள் இருளம்மாள், "அவளுக்குத் தெரியாத பொம்பள எவளும் அதுல வர்றாளா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அதுல வராத பொம்பளதான் ஆத்தா" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.

அவர்கள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ரேணுகா சிரித்துச் சிரித்து மதியமே பத்துப் பேருக்கு அனுப்பியிருந்தாள். சுற்றிச் சுற்றி அது ஏலக்காய்க் கடைக்கு வந்தது. சனிக்கிழமை, பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கும் செல்லத்தாய், நல்லது செய்வதாக நினைத்து, அமுதவள்ளியின் போனிலேயே இறக்கிக் கொடுத்துவிட்டாள். அமுதவள்ளி அங்கே பார்க்கவில்லை. "ரெண்டு பேருமாச் சேந்து பாக்கறோம்" என்று முடிந்துவைத்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு வாசலில் முத்துக்கண்ணன் டயருக்கு நடுவில் ஒட்டிய செம்மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். அமுதவள்ளி போனோடு வந்து, இருளம்மாள் உட்காரும் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"ஏறுங்க. கைய அப்பறங் கழுவலாம்."

அவருக்குத் தெரிந்துவிட்டது. வேலை கிடக்கிறது என்றார். வெயில் கண்ணில் அடிக்கிறது, படம் தெரியாது என்றார். அவள் முந்தானையை விரித்துப் போனுக்குக் கூரை போட்டாள். ஏறி உட்கார்ந்தார். இருபத்து மூன்று நிமிஷமும் அவர் திரையைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஓடாத வண்டியில், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ராக்கெட் கிளம்பியது அவள் கண்ணில் தெரிந்தது. ஆடு வந்தபோது லேசாகச் சிரித்தாள். படகு வர வேண்டிய இடத்தில் போனைக் கொஞ்சம் கிட்டத்தில் கொண்டுபோனாள். கடைசியில் மூன்று பேரும் வானத்தைப் பார்த்து நின்றார்கள். எழுத்து ஓடியது. முடிந்தது.

முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஏதாவது சமாளித்திருப்பார்.

"அமுதா, அந்தக் கம்பத்துக்காரி எதுலயும் வரல. கடைசியில ஒண்ணுமே தெரியல அன்னைக்கு. தெரியுதுன்னு பொய் சொன்னேன்."

"அது அன்னைக்கே தெரியும்" என்றாள் அவள். "ஸ்ஸ்ஸுன்னு எரைச்சல் வெளிய வரைக்கும் கேட்டுச்சு."

"பெறகு ஏன் நின்ன?"

"நீங்க தெரியுதுன்னு சொன்னீங்கள்ல."

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போடிக்குப் போனது. புழுதி அடங்கும்வரை இருவரும் முன் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆனா ஒண்ணு" என்றாள் அமுதவள்ளி. "இத்தன வருசமாச் சொல்றீங்க. அந்த நெலாக்காரிக்குக் கை வலிச்சுச்சா இல்லயான்னு ஒரு நாளாச்சும் சொன்னீங்களா?"

முத்துக்கண்ணன் செம்மண் அப்பிய உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்தார். துடைத்தது போதவில்லை என்று மறுபடி துடைத்தார். பிறகு அவளுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், கணுக் கணுவாக, மெதுவாக அமுக்கிவிடத் தொடங்கினார்.