அந்த அம்மா சொன்ன முதல் ‘வேண்டாம்’

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புயல் வெள்ளத்தில் எங்கள் ஊர்ப்பக்கக் கரையோரக் கிராமங்கள் மூழ்கியபோது, பிரித்தானியக் கடற்படைக் கப்பலொன்று உதவிக்குப் போனது. அதன் ஹெலிகொப்டர் யாரை முதலில் ஏற்றுவது என்று, லண்டன் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் விசாரித்துக் கப்பலுக்குச் சொன்னோம். ஒரு மேஜர் கேள்வி கேட்பார்; நான் தமிழாக்குவேன். அதற்கு முன் குரோய்டனில் அகதி விசாரணைகளில் பல வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். சொன்னதை மட்டும் சொல், எதையும் கூட்டாதே என்பது அங்கே படித்த விதி.

லண்டன் செவன் கிங்ஸில் இருக்கும் ரவி தன் தாயின் எண்ணைத் தந்திருந்தார். அந்த அம்மா பள்ளிக்கூட மாடியில் தனியாக நின்றார்.

“அம்மா, ஹெலி வரப்போகுது. உங்களை உடன ஏத்த வேணுமோ?”

“வேண்டாம் தம்பி, எனக்கென்ன அவசரம்? பிள்ளை குட்டியளோட நிக்கிற சனத்தை முதல் ஏத்துங்கோ. நான் இருப்பன். நீங்கள் சாப்பிட்டாச்சோ?”

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மேஜர் தலையசைத்துவிட்டுப் பட்டியலில் அடுத்த எண்ணுக்குப் போனார்.

எங்கள் ஆட்கள் தேத்தண்ணிக்கே முதலில் வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டால்தான் மனதில் உள்ளது வெளியே வரும். இது எனக்குத் தெரியும், மேஜருக்குத் தெரியாது. “இன்னொரு தரம் கேட்கட்டுமா?” என்றிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார். விதி பிசகாதவன் என்ற பெருமையில் பேசாமல் இருந்தேன்.

ஹெலி வேறு கிராமத்துக்குப் போனது. பின்னேரம் காற்று கிளம்பியதால் ஹெலியால் திரும்பவும் பறக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் இடிந்து விழுந்ததாக மறுநாள் செய்தி வந்தது.

சில வாரங்கள் கழித்து ரவி வீட்டுக்குப் போனேன்.

“அண்ணை, அம்மா கடைசியா என்ன சொன்னவ?”

“மற்றச் சனத்தை முதல் ஏத்தச் சொன்னவ.”

ரவி அழுதபடியே சிரித்தார். “அவ அப்பிடித்தான். கலியாண வீட்டிலயும் ரெண்டாந்தரம் கேட்டாத்தான் இலையில சோறு போட விடுவா.”

“நான் ரெண்டாந்தரம் கேக்கேல்லை, தம்பி.”

அவருடைய சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவர் மனைவி குசினியிலிருந்து வந்து, “அண்ணை, தேத்தண்ணி குடிக்கிறியளோ?” என்றார்.

“வேண்டாம் பிள்ளை.”

அவர் திரும்பி நடந்தார். ரவி தரையைப் பார்த்தபடி மனைவியிடம் சொன்னார்:

“இன்னொருக்காக் கேளும்.”