படியில்லாத வீட்டுக்குப் போட்ட புள்ளி

என் அப்பா அருமைநாயகம் நாற்பது வருடம் வாவியில் தோணி வலித்தவர். இரண்டு முழங்கால்களும் தேய்ந்த பிறகு, தண்ணீரில் இறங்கி வலை இழுக்க அவரால் முடியவில்லை.

சென்ற வருடம் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. முழங்கால் தேய்ந்தவர்களிடம் பத்துக் கேள்விகள் கேட்டார்கள். கஷ்டமே இல்லை என்றால் நான்கு புள்ளி. முடியவே முடியாது என்றால் பூச்சியம். மொத்தம் இருபதுக்குக் கீழே வந்தால், வெளியிலிருந்து வரும் வைத்தியர் குழு இலவசமாக மூட்டு மாற்றும். அது கிடைத்தால் அப்பா திரும்பத் தோணி ஏறலாம்.

கேள்வி கேட்டவர் வந்தாறுமூலை கம்பஸில் படித்த மேனுகா. தன்மையான பிள்ளை. மாடிப்படி ஏறக் கஷ்டமா என்று கேட்டார்.

"அதில எனக்கு ஒரு கரைச்சலும் இல்ல, மகள்."

காரில் ஏற, சொக்ஸ் போட, குளியல் தொட்டிக்குள் இறங்க என்று கேட்டதற்கும் அப்பா அதையே சொன்னார். பொய்யில்லை. எங்கள் வீட்டில் படியுமில்லை, தொட்டியுமில்லை. சொக்ஸ் அவர் காலில் ஏறியதே இல்லை. இல்லாத ஒன்றில் என்ன கஷ்டம்? மேனுகா நான்கு நான்காகப் போட்டார். தோணியைத் தள்ள முடியுமா என்று அந்தத் தாளில் கேள்வி இல்லை. பக்கத்தில் இருந்த எனக்கு அது பிழையாகப் பட்டது. ஆனால் எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். படித்தவர் எழுதும்போது குறுக்கே பேச வாய் வரவில்லை.

மொத்தம் இருபத்துமூன்று. அப்பாவின் பெயர் பட்டியலில் இல்லை.

"காரை எங்க விட்டிரிக்கீங்க? நானும் ஒருக்கா ஏறிப் பாப்பம்" என்றார் அம்மா.

அப்பா சிரித்தார். அன்றே தோணியை விற்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

இரண்டு கிழமை யோசித்துவிட்டு, தனியாக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேரே மேனுகாவின் மேசைக்குப் போனேன்.

"எங்கட வீட்ட படி இல்ல, மிஸ். அவர் காரிலயும் ஏறினதில்ல."

மேனுகா தாளைத் தேடி எடுத்தார். செய்யாத வேலைகளுக்குப் புள்ளி போடாமல் விட்டு, மிச்சக் கேள்விகளின் சராசரியைப் பத்தால் பெருக்க வேண்டுமாம். மிச்சம் ஆறுக்கும் சேர்த்து அப்பாவுக்கு ஏழுதான். கல்குலேட்டரைத் தட்டினார். பன்னிரண்டுக்குக் கிட்ட வந்தது.

"நான்தான் கேட்டிருக்கோணும், அக்கா. குழு நேத்துப் போயிட்டுது. திரும்ப வருவாங்களோ தெரியா."

வீட்டில், தோணியைப் பார்க்க றிப்ஷான் என்பவர் வந்திருந்தார். எந்த இடத்தில் தண்ணீர் கசியும் என்பதை அப்பா கதிரையில் இருந்தபடியே ஒளிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே போனாய் என்று அம்மா கேட்டார். கடைக்கு என்றேன்.